மற்றவை என்றொரு தெரு

கீழப்பாறை பேரூராட்சியில் தெருக்கள் வரிசை மாறத் தொடங்கியது ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமையில். அன்று காலை பால்காரர் மாசானம் வழக்கம்போல மேல்நிலைத் தொட்டியடியில் சைக்கிளைத் திருப்பி, தேரடித் தெருவுக்குள் நுழைவதாக நினைத்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்தார். முதல் வீட்டு வாசலில் நின்ற சபுரா பீவி, "தேரடித் தெருவையா தேடுதிய? அது இன்னைக்கு அஞ்சாவதா கெடக்கு. நேரா போங்க" என்றாள். மாசானம், "அப்பம் ஒங்களுக்கு மொதல்ல ஊத்திட்டே போயிருதேன்" என்று கேனைத் திறந்தார். ஊர் தன் அதிசயத்தை இப்படித்தான் எதிர்கொண்டது, அரை லிட்டர் பாலோடு, பேச்சை வளர்க்காமல்.

வரிசை என்பது கீழப்பாறையில் லேசான விஷயம் இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய மேட்டில் தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து பள்ளத்தைப் பார்த்து இறங்கும் ஒரே மெயின் ரோடு, ரோட்டுக்கு அடியில் குழாய், ரோட்டிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் பிரியும் ஏழு தெருக்கள். காலை ஆறு மணிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் முதல் தெருவில் குடத்தையே தள்ளிவிடுகிற வேகத்தில் கொட்டும், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒழுங்காக வரும், நாலாவதில் ஒரு குடம் நிறைவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம், ஐந்தாவதில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிடலாம், ஆறாவதில் நூலாக ஒழுகும், ஏழாவதில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்து கேலி செய்துவிட்டுப் போகும். எட்டு மணிக்கு அடைத்துவிடுவார்கள். தேரடி, சன்னதி, பஜார், பள்ளிவாசல், சர்ச், புதுக்காலனி என்று ஆறு தெருக்களுக்குப் பெயர் இருந்தது. ஏழாவதுக்கும் இருந்தது. கல்குவாரி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட அறுபது குடும்பங்கள் அதை உடைகல் தெரு என்றன. ஆனால் பேரூராட்சியின் எந்தத் தாளிலும் அந்தப் பெயர் ஏறியதில்லை. தெருவிளக்குப் பட்டியலிலிருந்து கொசுமருந்துப் பட்டியல் வரை ஆறு தெருக்களின் பெயரை எழுதிவிட்டு ஏழாவதாக 'மற்றவை' என்று எழுதுவதுதான் அங்கே பழக்கம்.

அந்த மற்றவையில் பிறந்தவள்தான் சந்தனமாரி. தெருவிலேயே கம்ப்யூட்டர் படித்த முதல் பெண், திருநெல்வேலியில் ஒரு கருத்துக்கணிப்பு கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். சோப்பு, பிஸ்கட், செருப்பு, காப்பீடு என்று எதைப் பற்றியும் மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று போனில் கேட்பதற்கான கேள்விகளைத் தயாரிப்பது அவள் வேலை. அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியதற்குக் காரணம் அவள் அக்கா உலகம்மாள். உலகம்மாளின் புருஷன் கேரளாவில் ஓட்டுச்சூளை வேலைக்குப் போயிருந்தான். அவளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கி இரண்டு தடவையும் போய்விட்டது, ஐந்தாம் மாதத்தில் ஒன்று, ஏழாம் மாதத்தில் ஒன்று. இரண்டும் தேரடித் தெருக் குழாயிலிருந்து ஒரு கிலோமீட்டர் இடுப்பில் குடத்தோடு வரும் வழியில் போனவை. மூன்றாவது தங்கியபோது டாக்டரம்மா, குடத்தைத் தொட்டால் என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டார். மாரி காலையில் கொண்டுவரும் இரண்டு குடம் குடிக்கவும் ஆக்கவுமே சரியாகப் போனதால், அவள் உலைவைக்க உட்கார்ந்ததும் உலகம்மாள் சத்தமில்லாமல் மூன்றாவது குடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். மாரிக்கு அது தெரியும், தனக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

ஊருக்கு வந்த மாரிக்குப் பேரூராட்சியிலேயே ஒப்பந்த வேலை கிடைத்தது. செயல் அலுவலர் அருணகிரிக்கு ஆன்லைன் கருத்துக்கணிப்பு என்றால் உயிர். பூங்காவில் என்ன செடி வைக்கலாம், அலுவலகத்துக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று எல்லாவற்றுக்கும் ஊரைக் கேட்டார். ஊரும் சளைக்காமல் பதில் போட்டது. கடைசியில் பெரிய கேள்விக்கு வந்தார். தொட்டியிலிருந்து புதுக்குழாய் போடப் பணம் வந்திருந்தது. 'புதிய குடிநீர்க் குழாய் முதலில் எந்தத் தெருவுக்குத் தேவை?' கீழே ஏழு விடைகள், பட்டியலில் உள்ள அதே வரிசையில். ஒரு வாரத்தில் ஊரில் எண்பது சதவீதம் பேர் தேரடித் தெருவுக்கு என்று பதில் போட்டிருந்தார்கள். ஏற்கனவே குடத்தைத் தள்ளிவிடுகிற வேகத்தில் தண்ணீர் வரும் தெருவுக்கு.

"மக்கள் தேரடித் தெருமேல இவ்வளவு பிரியமாவா இருக்காங்க?" என்று அருணகிரியே ஆச்சரியப்பட்டார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம்.

"பிரியம்லாம் இல்ல சார். மொதல்ல என்ன இருக்கோ அதைத் தொட்டுட்டுப் போயிருவாங்க" என்றாள் மாரி. "பிஸ்கட்டுக்கும் அப்படித்தான். அதனால கம்பெனியில ஆளுக்கு ஆள் வரிசையைக் கலைச்சுக் காட்டுவோம். ஒருத்தருக்கு மேல இருக்கது இன்னொருத்தருக்குக் கீழ வரும். அப்பத்தான் நெசமான பதில் வரும்."

"அப்ப கலைச்சிடும்மா" என்றார் அருணகிரி. பழைய பதில்களை அழித்துவிட்டு, விடைகளின் வரிசையை மாற்றிக் காட்டு என்ற கட்டத்தில் மாரி ஒரு டிக் போட்டாள். அதோடு இன்னொன்றும் செய்தாள். அந்தத் தொழிலில் எல்லாவற்றையும் கலைத்துவிடக் கூடாது. வயதைக் கேட்டால் கலைக்கக் கூடாது, கிழமையைக் கலைக்கக் கூடாது, 'மற்றவை' என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசியிலேயே ஆணியடித்து நிறுத்த வேண்டும், அது நடுவில் வந்தால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம். மாரி நாலு வருஷமாக ஆயிரம் கேள்விகளுக்குச் செய்ததைச் செய்தாள். மற்றவை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆணிப் படத்தைத் தொட்டாள். அது தன் தெரு என்பதை அவள் மறந்துவிடவில்லை. அவள் விரல் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

தெருக்கள் நகர்வதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. விடிகிற நேரத்தில், பால்காரர் வருவதற்குச் சற்று முன்பு, ஆறு தெருக்களும் தங்கள் வீடுகளோடும் வேப்பமரங்களோடும் கட்டிப்போட்ட ஆடுகளோடும் அன்றன்றைக்கு ஒரு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டன. கோலம் கலையவில்லை, தொட்டிலில் கிடந்த பிள்ளை விழிக்கவில்லை. முதல் வாரம் தபால்காரர் தொட்டிமேல் ஏறி நின்று பார்த்துவிட்டுக் கடிதங்களை அடுக்கினார், இரண்டாவது வாரம் டீக்கடைப் பலகையில் அன்றைய வரிசையைச் சாக்பீஸால் எழுதிவைத்தார்கள், மூன்றாவது வாரம் கல்யாணப் பத்திரிகைகளில் மணமகன் இல்லம், சன்னதித் தெரு என்பதற்குக் கீழே அன்றைய வரிசைப்படி என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். குடித்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் ஒருநாளும் வீடு தவறவில்லை, தெளிவாக இருந்தவர்கள்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாய்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எல்லை எது என்று தெரியாமல் ஒரு வாரம் எல்லா நாய்களும் எல்லா நாய்களையும் பார்த்துக் குரைத்தன, பிறகு அவையும் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டன.

ஆவணித் தேரோட்டத்தின்போது தேரடித் தெரு ஆறாவதாகக் கிடந்தது. தேர் எந்த வழியாகப் போவது என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசியபோது குருக்கள், "சாமிக்கு வழி தெரியும், வடம் பிடிக்கறவாளுக்குத்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டார். சர்ச் தெருவும் பள்ளிவாசல் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் வந்த நாட்களில் கொல்லைப்புறங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதால், நோன்புக்கஞ்சியும் வட்டலப்பமும் இந்தப் பக்கமும், முறுக்கும் அச்சப்பமும் அந்தப் பக்கமும் சுவரேறிப் போயின. புதுக்காலனிப் பையன் ஒருவனும் பஜார் தெருப் பெண் ஒருத்தியும் அப்படி ஒருநாள் மொட்டைமாடியில் பார்த்துக்கொண்டுவிட்டு, இரண்டு தெருவும் மறுபடி எப்போது சேரும் என்று கணக்கு வாத்தியாரிடம் தனித்தனியாகப் போய்க் கேட்டார்கள். சன்னதித் தெருவில் ஓர் இரண்டாவது மகன், அண்ணனும் நானும் வரிசை மாறிக்கொள்ள அந்த டிக்கை எங்கள் வீட்டுக்கும் போடமுடியுமா என்று மாரியைத் தேடி அலுவலகத்துக்கே வந்தான். "வயசைக் கலைக்கக் கூடாது அண்ணாச்சி, தொழில்ல அப்படி ஒரு சட்டம் இருக்கு" என்று அவள் திருப்பி அனுப்பினாள்.

தண்ணீர் எல்லாருக்கும் முறைவைத்து வந்தது. ஒருநாள் கொட்டியது, ஒருநாள் ஒழுகியது. ஆறு தெருக்காரர்களும் வாரத்தில் ஒருநாள் முகம் சுளித்தார்கள், ஒருநாள் குளித்துக்கொண்டே பாடினார்கள். ஊரே நியாயமாகிவிட்டது என்று அருணகிரி மேலிடத்துக்கு எழுதினார். உடைகல் தெரு மட்டும் ஏழாவதாகவே கிடந்தது. அந்தத் தெருப் பெண்களுக்கு நடந்த மாற்றமெல்லாம் இவ்வளவுதான்: முன்பு தேரடித் தெருக் குழாயடியில் எல்லாரும் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள், இப்போது அன்றைக்கு எந்தத் தெரு முதலில் கிடக்கிறதோ அதைத் தேடிப் போய்க் காத்திருந்தார்கள்.

புரட்டாசி பிறந்து ஒரு காலையில் உலகம்மாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். "ஏட்டி, இது நீ செஞ்சதாம்லா? டீக்கடையில பேசிக்கிட்டாவளாம்."

"ஆமாக்கா."

"நல்ல காரியம்தான். எல்லாத் தெருவும் நவுருதே, நம்ம தெரு ஏன் நவுர மாட்டங்கு?"

பொய் சொல்லலாம் என்று மாரிக்குத் தோன்றியது. நிலம் பாறை என்று சொல்லலாம், பள்ளம் என்று சொல்லலாம், அக்கா நம்பிவிடுவாள். "நான்தான் ஆணி அடிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

உலகம்மாள் களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் வேறு பாத்திரத்தில் வடித்துவைத்தாள். அந்த வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒருதடவையோடு போவதில்லை. "யாரு அடிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மற்றவைன்னா கடைசியிலதான் வைக்கணும். கம்பெனியில அப்படித்தான் சொல்லிக்குடுத்தாவ."

"இம்புட்டுப் படிச்சு, நம்மள நம்மளே கடைசியில வைக்கவா சொல்லிக்குடுத்தாவ?" என்றாள் உலகம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், அதனாலேயே மாரிக்குத் தாங்கமுடியவில்லை.

அன்று அலுவலகத்தில் அவள் அருணகிரியிடம் போய் ஆணியை எடுக்க வேண்டும் என்றாள். ஆயிரத்து எண்ணூறு பேர் பதில் போட்டாயிற்று, நடுவில் மாற்றினால் எல்லாம் செல்லாமல் போய்விடும் என்றார் அவர். அந்த நேரம் பார்த்துத் தேரடித் தெருப் பெட்ரோல் பங்க் முதலாளி கோமதிநாயகம் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது. கடைசியில் ஆணி அடிக்க முடிகிறது என்றால் முதலிலும் அடிக்க முடியும்தானே, தேரடித் தெருவை ஆதியில் இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டால் மற்ற ஐந்தும் தங்களுக்குள் மாறிக்கொள்ளட்டுமே, என்பது.

மாரியைப் பார்த்து அவர் தன்மையாகத்தான் சொன்னார். "பாப்பா, பட்டியல்னு ஒன்னு இருந்தா கடைசின்னு ஒன்னு இருக்கத்தான் செய்யும். அதுல யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது."

"இருக்கட்டும் அண்ணாச்சி. எல்லா நாளும் ஒரே ஆளா இருக்கணுமா?" என்றாள் மாரி. கோமதிநாயகம் சிரித்தார். அருணகிரி பேனாவைத் தேடினார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போனபிறகு மாரி கணினியைத் திறந்து, பதில் போட்டவர்களின் விவரத்தைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் கேள்வியில் எவ்வளவு நேரம் செலவிட்டார்கள், திரையை எதுவரை இழுத்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். சராசரியாக மூன்று நொடி. போன் திரையில் முதல் நாலு விடைகள்தான் தெரியும், மீதியைப் பார்க்க விரலால் மேலே தள்ள வேண்டும். ஆயிரத்து எண்ணூறு பேரில் கடைசி விடைவரை தள்ளிப் பார்த்தவர்கள் நாற்பத்தோரு பேர். நாற்பத்தோரு பேரும் உடைகல் தெருக்காரர்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து, ஊர் தங்களை வெறுக்கிறது என்று மாரி நினைத்திருந்தாள். குழாயடியில் குடத்தைத் தள்ளி வை என்று சொல்லும் குரல்களுக்குப் பின்னால் பெரிய பகை ஒன்று இருப்பதாகவும், பகையென்றால் ஒருநாள் தீரும் என்றும் நினைத்திருந்தாள். பகை எதுவும் இல்லை. யாரும் அவ்வளவு தூரம் கீழே வந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான் விஷயம். அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது.

அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். மற்றவை என்ற சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் உடைகல் தெரு என்று அடித்தாள். பெயருள்ள விடைக்கு ஆணி தேவையில்லை, எடுத்துவிட்டாள். ஆயிரத்து எண்ணூறு பதில்களும் ஒரு நொடியில் செல்லாமல் போயின.

மறுநாள் உடைகல் தெரு மூன்றாவதாகக் கிடந்தது. ஒரு பக்கம் பஜார் தெருவின் ஜவுளிக்கடைப் பின்சுவர், மறுபக்கம் சர்ச் தெரு. ஏதோ தேர்தலுக்காக நட்டுவைத்து ஒருநாளும் சொட்டாத குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் தெருவில் பெண்கள் யாரும் இல்லை. பழக்கம் விடாமல் எல்லாரும் விடியுமுன்பே குடத்தோடு முதல் தெருவைத் தேடிப் போயிருந்தார்கள். உலகம்மாள் மட்டும் வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் தானாக வந்து தானாக ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வீட்டில் இருந்த குண்டான், சட்டி, பால் சொம்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிரப்பினாள். குடங்கள் எல்லாம் வெளியே போயிருந்தன.

அன்றைக்குக் கடைசியாகக் கிடந்தது தேரடித் தெரு. தெருக்கள் நகர்ந்தபோது ஆச்சரியப்படாத ஊர், தேரடித் தெருக் குழாயில் உஸ்ஸென்று காற்று வந்தபோது ஆச்சரியப்பட்டது. கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாள் வாழ்க்கையில் முதல்தடவையாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைவிட்டு வெளியே நடந்து, சன்னதித் தெருக் குழாயடியில் வரிசையின் நுனியில் நின்றாள். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, வழக்கமான சொல்லைச் சொன்னாள். "கொடத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க." அவ்வளவு பக்கத்திலிருந்து அந்தச் சொல்லை ஆவுடையம்மாள் கேட்டது இல்லை, சொல்லித்தான் பழக்கம்.

பிறகு அதுவும் பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை. ஆனால் அருணகிரிக்கு மேலிடத்திலிருந்து ஒரு நெருக்கடி வந்தது. ஊரில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் பதில் போட்ட முதல் பேரூராட்சி என்று விருது வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகக் கடைசி ஆள் பதில் போட்டதும் கேள்வி தானாக மூடிக்கொள்ளும்படி செய்திருந்தார். கேள்வி மூடிக்கொண்டால் அன்றைக்குத் தெருக்கள் எந்த வரிசையில் கிடக்கின்றனவோ அந்த வரிசையிலேயே நின்றுவிடும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், மழை வரப்போவது தெரிவதைப்போலத் தெரியும். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஐப்பசி முதல் வாரத்தில் இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு பேர் பதில் போட்டுவிட்டார்கள். திரையில், ஒருவர் இன்னும் பதில் அளிக்கவில்லை என்று வந்தது. அந்த ஒருவர் யார் என்று தேடினால், மாரி. கேள்வி தயாரித்தவர் தன் கேள்விக்குத் தானே பதில் போடும் வழக்கம் கம்பெனியில் இல்லை என்பதால் அவள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அன்றைக்கு முதலாவதாகக் கிடந்த தெருவின் ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். இதற்குமுன் யாரும் வந்திராத வீட்டுக்குப் பழத்தட்டோடும் ஸ்வீட் பெட்டியோடும் வந்தார்கள். "இன்னைக்குப் போட்டுரும்மா" என்றார்கள். எந்தத் தெருவைத் தொட்டாலும் பரவாயில்லை, இன்றைக்குத் தொட்டுவிட்டால் போதும். "நாளைக்குப் பாக்கலாம்" என்று மாரி சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் வேறு தெரு வரும், முந்தின நாள் கெஞ்சியவர்கள் இன்றைக்குப் போட்டுவிடாதே என்று கெஞ்ச வருவார்கள். அருணகிரி மட்டும் எல்லா நாளும் ஒன்றையே சொன்னார். "ஒரே ஒரு தொடல்மா. என் விருது போகுது, உன் வேலையும் போகும்."

ஐப்பசி இருபதாம் தேதி உடைகல் தெரு முதலாவதாகக் கிடந்தது. தொட்டியின் நிழல் தெருவின் தலைமாட்டில் விழுந்தது. குழாய் குடத்தைத் தள்ளிவிட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே குடத்தைக் காலால் அணைத்துப் பிடித்தார்கள், பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள், ஒருத்தி வாசலில் வெறுமனே தண்ணீரைத் தெளித்தாள், வேடிக்கைக்காகத் தெளித்தாள். ஏழு மணிக்குள் அறுபது வீட்டு ஆட்களும் மாரியின் வாசலில் நின்றார்கள். யாரும் பழத்தட்டு கொண்டுவரவில்லை. சொந்தக்காரர்கள் தட்டு கொண்டுவர மாட்டார்கள்.

"ஏ மாரி, போனை எடு" என்றாள் பக்கத்து வீட்டுப் பூலம்மாள். "இன்னைக்குப் போட்டுரு. காலத்துக்கும் நாமதான் மொதல்ல. இதுக்குமேல என்ன யோசன?"

"ஒங்க அக்கா வயித்தப் பாரு" என்றது இன்னொரு குரல். "இந்த மாசம் முழுக்க இதே மாதிரி கொட்டட்டும். புள்ள நல்லபடியா வரட்டும்."

மாரி போனைக் கையில் எடுத்தாள். கேள்வி திறந்திருந்தது. நான் இதற்காகத்தானே திரும்பி வந்தேன் என்று நினைத்தாள். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, எத்தனையோ வருஷம் கடைசியில் கிடந்த தெரு இனி எத்தனையோ வருஷம் முதலில் கிடக்கட்டும், அதில் என்ன அநியாயம். விரலை நீட்டியும்விட்டாள். ஒன்பது மாத வயிற்றோடு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற உலகம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்குக் கடைசி யாரு?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. யாருக்கும் தெரியவில்லை. தெருக்கள் மாறத் தொடங்கி இரண்டு மாதமாக ஊரில் அத்தனை பேரும் தினமும் விடிந்ததும் முதலில் யார் என்றுதான் கேட்டிருந்தார்கள். டீக்கடைப் பலகையில்கூட முதல் மூன்றைத்தான் எழுதுவார்கள்.

"யாரா இருந்தா என்ன, ஒக்காரு உலகு" என்றாள் பூலம்மாள். உலகம்மாள் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்து நடந்தாள். மாரி போனோடு பின்னால் ஓடினாள், அவள் பின்னால் அறுபது வீட்டு ஆட்களும் போனார்கள். சர்ச் தெருவையும் பஜார் தெருவையும் தாண்டி, எல்லாத் தெருக்களையும் தாண்டி, மற்றவை இருந்த இடத்துக்கு வந்தார்கள். அங்கே பள்ளிவாசல் தெரு கிடந்தது. குழாயடியில் சபுரா பீவி ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். உஸ்ஸென்ற சத்தம்கூட ஓய்ந்துவிட்டிருந்தது.

"என்ன உலகு, இந்த நெலமையில இம்புட்டுத் தூரம்?" என்று சபுரா பதறி எழுந்தாள்.

"எங்க தெருவுல நல்லா வருது. கொடத்த எடுத்துட்டு வாங்கக்கா, எட்டு மணிக்குள்ள ரெண்டு நடை வரலாம்." உலகம்மாளுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

சபுரா கூட்டத்தையும் மாரியின் கையில் இருந்த போனையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னைக்குப் போட்டுருவியளோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாரி பதில் சொல்லுமுன் உலகம்மாள் சொன்னாள். "அவ போட மாட்டா." பிறகு தங்கையைப் பார்த்து, "போடாதட்டி. நான் இங்கன ரெண்டு புள்ளயத் தொலச்சிருக்கேன். இந்த எடத்துக்கு இன்னொருத்திய ஆணியடிச்சு வைக்காத" என்றாள். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். பூலம்மாள் கோபித்துக்கொண்டு முன்னால் நடந்துபோனாள். மாரி போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, சபுராவின் குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அருணகிரிக்கு விருது கிடைக்கவில்லை. மாரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஊரில் பாதிப்பேர் அவளைத் திட்டினார்கள். எந்தப் பாதி என்பது நாளுக்கு நாள் மாறியது. திரையில், ஒருவர் இன்னும் பதில் அளிக்கவில்லை என்ற வரி அப்படியே நின்றது.

உலகம்மாளுக்கு வலி கண்டது கார்த்திகை இரண்டாம் தேதி காலையில். அன்றைக்கு உடைகல் தெரு ஏழாவதாகக் கிடந்தது, யாரும் ஆணி அடிக்காமல், சீட்டு விழுந்த மாதிரி. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆட்டோவுக்கும் நேரமில்லாமல், வழிநெடுகச் சேதி சொல்லிக்கொண்டே போய் டாக்டரம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். அவர் வந்ததும் வராததுமாகத் தண்ணீர் எங்கே, நிறையத் தண்ணீர் வேண்டும் என்றார். வீட்டில் ஒரு குடம்தான் இருந்தது. நான் போடவேண்டிய அன்றைக்குப் போட்டிருக்க வேண்டும், நானே என் அக்காவைக் கொன்றுவிட்டேன் என்று மாரி தலையில் அடித்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தாள்.

ரோட்டில் குடங்கள் வந்துகொண்டிருந்தன. அன்றைக்கு முதலாவதாகக் கிடந்த தேரடித் தெருவிலிருந்து பள்ளம்வரைக்கும், வழியில் கிடந்த தெருக்களின் பெண்களும் சேர்ந்துகொள்ள, தலையிலும் இடுப்பிலுமாக வந்தன. எல்லாருக்கும் முன்னால் ஆவுடையம்மாள் நனைந்த புடவையோடு வந்தாள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. பெண் குழந்தை, மூன்று கிலோ என்று டாக்டரம்மா கத்திச் சொன்னார்.

மாரி ஆவுடையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். அவள் அப்படியொன்றும் மனம் மாறிவிட்டவள் இல்லை, வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கவும் இல்லை. குடத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, காலிக்குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்குள் இன்னொரு நடை வந்துவிடலாம் என்று வேகமாகத் திரும்பி நடந்தாள். நாளைக்குத் தன் தெரு எங்கே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாது.